பழைய எஞ்சினின் தேய்மானமும் லேத் பட்டறையின் கணக்கும்

தேய்மானம் என்ற சொல்லை வியாபாரிகளாகிய நாம் பெரும்பாலும் வருட இறுதிக் கணக்கில்தான் சந்திக்கின்றோம். வாங்கிய லொறிக்கும், தராசுக்கும், குளிர்சாதனப் பெட்டிக்கும் வருடா வருடம் இத்தனை சதவீதம் என்று கணக்காளர் ஒரு தொகையைக் கழித்து எழுதுவார். அந்தப் பொருள் உண்மையில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. புத்தகத்தில் பூச்சியமாகிவிட்ட லொறி வீதியில் நெல் மூட்டை சுமந்து ஓடிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் பாதிப் பெறுமதியோடு நிற்கும் இயந்திரம் கடையின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கும்.

தேய்மானத்தைக் கையால் அளந்து, இத்தனை தேய்ந்திருக்கிறது, இத்தனை மிச்சமிருக்கிறது, இதற்கு மேல் செலவு செய்வது வீண் என்று சொல்லக்கூடிய ஒருவர் எமது ஊர்களில் இருக்கிறார். அவர்தான் லேத் பட்டறைக்காரர். பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் புதுப்பிக்கும் வேலையை அண்மையில் அருகிலிருந்து பார்க்கக் கிடைத்தது. கார் பிரியர்களைவிட வியாபாரிகளுக்கே அதில் பாடம் அதிகம் என்று தோன்றியதால் இவ்வாரம் அதைப் பற்றி எழுதுகின்றேன்.

இரண்டு முறை மூடிய கதவு

எமது நாட்டில் பழைய வாகனங்கள் இவ்வளவு காலம் ஓடுவதற்குக் காரணம் அவற்றின் மீதுள்ள பாசம் மட்டுமல்ல. 1960களிலும் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் இறுக்கப்பட்டிருந்தன. புதிய கார் எடுப்பது சாதாரண மனிதருக்கு எட்டாத காரியமாக இருந்தது. இருந்த மொரிஸ் மைனரையும், ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் ஓட்டித்தான் தீர வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்காதபோது லேத்தில் கடைந்து போட்டார்கள். அந்தத் தேவைதான் நாடெங்கும் திறமையான கைகளை உருவாக்கியது.

இரண்டாவது முறை கதவு மூடியது எமது கண் முன்னால். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியது. எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம், பிறகு கியூ.ஆர். அட்டையோடு நின்றோம். தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில், அதுவும் கடும் வரியோடு. இந்த ஐந்து வருடங்களில் கொட்டிலில் தூங்கிய எத்தனையோ வாகனங்களின் மீது மீண்டும் கண் விழுந்தது. எங்கள் கரையோரத்தில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இதற்கு உதாரணங்கள் உண்டு.

நான் சொல்லவரும் கார் அப்படியான ஒன்றுதான். அரிசி வியாபாரம் செய்யும் ஒரு நண்பரின் வாப்பா காலத்து மொரிஸ் மைனர் 1000. பல வருடங்களாக ஓடாமல் நின்றது.

ஒரு சிறிய எஞ்சினின் பெரிய வரலாறு

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னர் மினி காரை வடிவமைத்தவரும் இவரே. 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொரிஸ் மைனர் அறிமுகமானது. 1970களின் ஆரம்பத்தில் உற்பத்தி நின்றபோது 16 இலட்சம் அளவில் செய்யப்பட்டிருந்தது. இதற்குள் இருப்பது ஒஸ்டின் கம்பனியின் ‘ஏ சீரீஸ்’ எஞ்சின். 1951இல் 803 சீசீயாக வந்தது. மைனரில் 1956இல் 948 சீசீயாகவும், 1962இல் 1098 சீசீயாகவும் வளர்ந்தது. அதே குடும்பத்து எஞ்சின் மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை போடப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே அடிப்படை அமைப்பு. அதனால்தான் இதன் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

அமைப்பும் எளிமையானது. வார்ப்பிரும்பு புளொக், வார்ப்பிரும்பு ஹெட், நான்கு சிலிண்டர், கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பெயாரிங். அளவுகள் யாவும் அங்குலத்தில். தேய்ந்தால் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம் என்று தயாரித்தவர்களே எதிர்பார்த்துச் செய்த எஞ்சின் இது. இன்றைய பல வாகனங்களைப் போல, பழுதானால் முழுதாக மாற்று என்ற எண்ணத்தில் செய்யப்பட்டதல்ல.

இந்த எண்ணத்தை வியாபாரமாக்கிய ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மொரிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கியவர் சார்ள்ஸ் வெயார். புதிய கார் வாங்கி வருடா வருடம் பெறுமதி இழப்பதைவிட, பாகம் பாகமாகப் புதுப்பிக்கக்கூடிய ஒரு காரைத் தொடர்ந்து பராமரித்து வைத்திருப்பது மலிவு என்பது அவரது வாதம். அதற்காக 1982இல் ஒரு நூலே எழுதினார். அவர் 1990களின் தொடக்கத்தில் மைனரின் உடற்பாகங்களைச் செய்விக்கத் தேர்ந்தெடுத்த நாடு எது தெரியுமா? எமது இலங்கைதான். இங்குள்ள பங்காளியோடு சேர்ந்து அமைத்த தொழிற்சாலையில் எமது நாட்டுக் கைகள் தட்டிச் செய்த பாகங்கள் இங்கிலாந்துக்குப் போயின. அந்தக் காரைக் கண்டுபிடித்த நாட்டுக்கே நாம் அதன் பாகத்தை ஏற்றுமதி செய்தோம். பழையதைத் திருத்தும் திறமைக்கு உலகச் சந்தையில் விலை இருக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

முதலில் அளவு, பிறகுதான் வெட்டு

நண்பரின் காரில் எஞ்சின் இறுகியிருக்கவில்லை. கையால் சுழன்றது. ஆனால் கடைசியாக ஓடிய காலத்தில் நீலப் புகை தள்ளியது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, சூடானதும் ஒயில் எச்சரிக்கை விளக்கு மினுங்கியது. கராஜில் எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள். புளொக், ஹெட், கிராங் மூன்றும் லேத் பட்டறைக்குப் போயின.

பட்டறைக்காரருக்கு அறுபது தாண்டிய வயது. எல்லோருக்கும் அவர் காக்கா. முதல் நாள் அவர் எந்த இயந்திரத்தையும் இயக்கவில்லை. புளொக்கைத் துடைத்தார், சிலிண்டருக்குள் அளவுக் கருவியை இறக்கினார், மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை அளந்தார். ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. நான்குக்கும் இருபத்து நான்கு. எல்லாவற்றையும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதினார்.

இப்படி அளப்பதற்குக் காரணம் உண்டு. சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் ரிங் மேலே வந்து திரும்பும் இடத்தில் வெடிப்பின் சூடும் அழுத்தமும் அதிகம், ஒயில் குறைவு. அங்கேதான் தேய்மானம் கூட. பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளுவதால் வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிறது. மேலே அகலம், கீழே ஒடுக்கம் என்றும் ஆகிறது. கண்ணுக்கு அது பளபளவென்று நல்லதாகவே தெரியும்.

இங்கே பேசப்படும் அளவு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த ஒரு பங்கு. மில்லிமீற்றரில் சொன்னால் நாற்பதில் ஒன்று. தலைமுடி ஒன்றின் தடிப்பே இப்படி இரண்டு மூன்று பங்கு வரும். நண்பரின் எஞ்சினில் மோசமான சிலிண்டர் ஆயிரத்தில் பதினொன்று தேய்ந்திருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை இருபது சைஸுக்குக் கடையப்பட்ட புளொக் என்பதும் அளந்தபோதுதான் தெரிந்தது. யார், எப்போது செய்தார்கள் என்பது குடும்பத்தில் எவருக்கும் ஞாபகமில்லை. இரும்பு தன் கணக்கை மறைக்கவில்லை.

ஏ சீரீஸ் எஞ்சினுக்கு இருபது, முப்பது, நாற்பது என்று பெரிய சைஸ் பிஸ்டன்கள் வருகின்றன. பதினொன்று தேய்ந்த சிலிண்டருக்கு முப்பதுக்குக் கடைந்தால் ஒரு பக்கம் சரிவரச் சுத்தமாகாமல் போகலாம். எனவே நாற்பது என்று முடிவானது. புளொக் அதற்கும் இடங்கொடுக்காத அளவு தேய்ந்திருந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் இறக்கி ஆரம்ப அளவுக்கே திரும்பக் கொண்டுவரலாம். செலவு கூடினாலும் புளொக் தப்பும்.

பிஸ்டனைக் கையில் கொண்டு வாருங்கள்

நண்பர் அவசரப்பட்டார். பிஸ்டன் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறது, அடுத்த வாரம் வரும், அதற்குள் போரிங்கை முடித்துவிடுங்கள் என்றார். காக்கா மறுத்துவிட்டார்.

“ஹாஜியார், வெட்டின இரும்பத் திருப்பி ஒட்ட ஏலா. பிஸ்டனக் கையில கொண்டு வாங்க, பொறகு பாப்பம்.”

“நாப்பது சைஸ்தானே காக்கா, பெட்டியிலயே போட்டிருக்கும்.”

“பெட்டிக்குப் போரிங் போடுறல்ல. பிஸ்டனுக்குத்தான் போடுற.”

பெட்டி வந்தது. நாற்பது என்றே அச்சிடப்பட்டிருந்தது. காக்கா நான்கு பிஸ்டனையும் மைக்ரோமீற்றரில் அளந்தார். மூன்று ஒரே அளவு. நான்காவது மற்றவற்றைவிட ஆயிரத்தில் இரண்டு சிறியது. அதைத் திருப்பி அனுப்பி வேறு எடுக்க இன்னும் இரண்டு வாரம் போனது. பெட்டியை நம்பி முன்கூட்டியே கடைந்திருந்தால், அந்த ஒரு சிலிண்டர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே குளிர்ந்த எஞ்சினில் தட்டியிருக்கும். குற்றம் யார் மீது விழுந்திருக்கும்? விற்றவர் மீதல்ல, கடைந்தவர் மீதுதான்.

சரக்கு கையில் வருமுன் கடையின் தட்டை இடித்து விஸ்தரிப்பவர்களையும், பெட்டியில் எழுதியிருக்கும் எடையை நம்பி நிறுத்துப் பார்க்காமல் கணக்கில் ஏற்றுபவர்களையும் நாம் தினமும் பார்க்கின்றோம். காக்காவின் ஒழுங்கு அவர்களுக்கும் பொருந்தும்.

கடையும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. கத்தியால் முழு அளவுக்கும் வெட்டுவதில்லை. கடைசி ஆயிரத்தில் இரண்டு பங்களவை விட்டுவைத்து, தேய்ப்புக் கற்களால் ‘ஹோனிங்’ செய்து எடுப்பார்கள். சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். ஒயில் தங்கி நிற்பதற்கு அந்தக் கோடுகள் வேண்டும். கண்ணாடி போல மினுக்கிவிட்டால் ரிங் படியாது, புகை நிற்காது.

கிராங், ஹெட், உப்புத் தண்ணீர்

ஒயில் விளக்கு மினுங்கியதற்குக் காரணம் கிராங்கில் இருந்தது. பெயாரிங் உட்காரும் கழுத்துகள் முட்டை வடிவமாகியிருந்தன. இவற்றைப் பத்து, இருபது, முப்பது என்று சிறிதாக்கி, அதே அளவுக்குத் தடித்த பெயாரிங் போட வேண்டும். கிராங் அரைக்கும் இயந்திரம் எல்லாப் பட்டறையிலும் இருப்பதில்லை. அதனால் அது வெளியூர் போய் வந்தது. வந்ததும் காக்கா செய்த முதல் வேலை, கிராங்கின் ஒயில் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பித் தூரிகையால் குத்திக் கழுவியது. அரைத்த தூள் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் முதல் மணித்தியாலத்திலேயே புதுப் பெயாரிங்கைத் தின்றுவிடும்.

புளொக்கின் தண்ணீர்ப் பாதை பற்றி எமது கரையோரத்தார் தனியாகக் கவனிக்க வேண்டும். எங்கள் கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பின் கரையோரக் கிணறுகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அப்படியான தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றினால் புளொக்கின் பின்புறம், நான்காவது சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு படிகிறது. நண்பரின் புளொக்கில் வெளியே தெரியும் இரும்பு மூடிகளில் இரண்டு உள்பக்கமாகக் கடதாசி போல அரித்திருந்தன. கரண்டியால் தோண்டித்தான் சேற்றை எடுத்தார்கள். மழை நீரோ வடித்த நீரோ ஊற்றி, துருவைத் தடுக்கும் கூலன்ட் கலந்தால் இந்தச் செலவு இல்லை. இது பழைய காருக்கு மட்டுமல்ல, லொறிக்கும் ஜெனரேட்டருக்கும் நீர்ப்பம்பிக்கும் பொருந்தும்.

ஹெட்டில் இன்னொரு விடயம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. வெளியேறும் வால்வு சூட்டோடு வந்து மோதும் இருக்கையை அந்த ஈயம் ஒரு படலமாக மூடிக் காத்தது. உடல் நலத்திற்குப் பெருந்தீங்கு என்பதால் உலகம் ஈயத்தைக் கைவிட்டது. இலங்கையில் 2002இல் அது முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல் நிறுத்தப்பட்டது. எனவே இன்று ஹெட்டைத் திருத்துபவர்கள் பழைய வார்ப்பிரும்பு இருக்கையைக் கடைந்தெடுத்து, கடினமான உருக்கு வளையத்தை இறுக்கமாக இறக்குவது நல்லது. இந்த வளையம் ஆயிரத்தில் சில பங்கு பெரிதாக இருக்க வேண்டும். லூசானால் ஓட்டத்தில் கழன்று எஞ்சினையே உடைக்கும். இதுவும் அளவு தெரிந்தவர் கையில் மட்டுமே விட வேண்டிய வேலை.

இவற்றைவிட, உடைந்து புளொக்கிற்குள் தங்கிய ஒரு ஸ்டட்டை நடுப்பார்த்துத் துளைத்து எடுத்து மரையைச் சரிசெய்ததும், தேய்ந்த ரொக்கர் புஷ்களை வெண்கலத்தில் கடைந்து கொடுத்ததும் காக்காவின் லேத் வேலைகள். அந்தப் புஷ்ஷுக்குக் கடை கடையாக அலைந்திருந்தால் ஒரு மாதம் போயிருக்கும். அவர் ஒரு பின்னேரத்தில் முடித்தார்.

பொருத்தும் நாள்

பொருத்தும் வேலை மீண்டும் கராஜுக்கு வந்தது. அதற்கு முன் கடைந்த புளொக்கைச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். பெற்றோலால் கழுவினால் ஹோனிங் தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவ வேண்டும். வெள்ளைத் துணிதான் இங்கே நீதிபதி.

ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்தார்கள். இந்த எஞ்சினுக்கு ஆயிரத்தில் 7 முதல் 12 வரை. கனெக்டிங் ரொட்டின் மூடிகள் ஒவ்வொன்றும் அதனதன் ரொட்டுக்கே போக வேண்டும். பிரிக்கும்போதே இலக்கமிட்டு வைத்திருந்ததால் சிக்கல் வரவில்லை. இறுக்குவதற்கும் கணக்கு உண்டு. மெயின் பெயாரிங் 60 இறாத்தல்-அடி, பிக் எண்ட் 35, ஹெட் 40. ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் ஆயிரத்தில் 12.

ஸ்பார்க் பிளக் போடாமல் எஞ்சினைச் சுழற்றி ஒயில் விளக்கு அணையும் வரை பார்த்தார்கள். பிறகுதான் ஸ்டார்ட். முதல் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீற்றர், மெதுவாக ஓட்டி, ஒயிலை மாற்றி, ஹெட்டையும் வால்வையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு சொட்டு ஒயில் விழுந்தால் பதற வேண்டியதில்லை. இந்த எஞ்சினின் பின் மெயினில் ரப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பித் தள்ளும் திருகு வெட்டு மட்டுமே உண்டு.

இலாபமா நட்டமா?

நண்பர் கணக்கு எழுதும் மனிதர். வேலை முடிந்ததும் துண்டுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார். செலவில் பாதிக்கு மேல் பாகங்களுக்குப் போயிருந்தது. லேத் கூலி கால் பங்கைக்கூட எட்டவில்லை. காலத்தைப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அதில் காக்காவின் இயந்திரங்கள் உண்மையில் ஓடியது ஐந்தாறு நாட்கள்தான். மீதியெல்லாம் பாகத்துக்காகக் காத்திருந்த காலம்.

வியாபாரக் கண்ணால் பார்த்தால் மூன்று விடயங்கள் முக்கியம். முதலாவது, பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமே புளொக்கில் தொடர்ந்து இருக்கிறது. 1980களில் பலர் மைனருக்கு ஜப்பான் எஞ்சின் போட்டு ஓடினார்கள். ஓட்டத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி பதிய வேண்டும். பதியாமல் விட்டால் விற்கும்போது சிக்கல். சொந்த எஞ்சினோடு நிற்கும் பழைய காருக்குத்தான் பழைய கார் வாங்குபவர்கள் நல்ல விலை சொல்கிறார்கள்.

இரண்டாவது, உடம்பு உக்கிப்போன காருக்கு எஞ்சின் செய்வது பயனில்லை. நண்பரின் கார் கொட்டிலுக்குள் நின்றதால் தளம் உறுதியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகே அவர் கைவைத்தார்.

மூன்றாவது, இதைத் தினசரி வருமானமாக எவரும் எண்ண வேண்டாம். திருமண ஊர்வலத்துக்குப் பழைய கார் கேட்பவர்கள் உண்டு, அது உபரி. செலவழித்த பணம் காரோடு இருக்கிறது என்பதே இதன் இலாபம். கடனெடுத்து வட்டி கட்டி இதைச் செய்பவருக்கு அந்த இலாபமும் இல்லை.

அந்த லேத்தை நாளை யார் ஓட்டுவார்?

இந்தக் கட்டுரைக்கு என்னைத் தூண்டியது கார் அல்ல. காக்காவின் பட்டறையில் அவருக்குப் பக்கத்தில் நின்று பழகும் ஓர் இளைஞனும் இல்லை என்பதுதான். இருந்தவர்கள் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள். அங்கே கிடைக்கும் சம்பளத்தை இங்கே அவரால் கொடுக்க முடியாது. ஏன் முடியாது? நாம் கொடுக்கும் கூலி அப்படி. பிஸ்டன் விற்பவரிடம் பேரம் பேசாத நாம், அதைப் பொருந்தச் செய்பவரிடம் ஐந்நூறு ரூபாவுக்குப் பேரம் பேசுகின்றோம்.

சற்று யோசித்துப் பாருங்கள். சம்மாந்துறையின் அரிசி ஆலைகள், வயல்களில் ஓடும் உழவு இயந்திரங்கள், அறுவடை இயந்திரங்கள், கரையிலிருந்து கடலுக்குப் போகும் படகு எஞ்சின்கள், மருதமுனைத் தறிகளின் இரும்புப் பாகங்கள் என எல்லாம் பழுதானால் வந்து நிற்கும் வாசல் இந்த லேத் பட்டறைதான். அறுவடை நேரத்தில் ஒரு சாஃப்ட் உடைந்தால் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க நெல் காத்திருக்குமா? ஒரு நாள் தாமதத்தின் நட்டம், காக்காவின் ஒரு மாதக் கூலியைவிடக் கூடுதலாக இருக்கும்.

மார்க்கத்தில் இத்தொழிலுக்கு இருக்கும் கௌரவத்தையும் நினைவுகூர வேண்டும். நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, கவசத்தின் கண்ணிகளை அளவோடு அமைக்கும்படி பணித்ததை ஸூரா ஸபஃ எடுத்துரைக்கிறது. அரசராக இருந்தும் தன் கைத்தொழிலால் உண்டவர் அவர். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஒரு தனி ஸூராவே இருக்கிறது. அதை நாம் தராசுக்கும் படிக்கும் மட்டும் பொருத்திப் பார்க்கின்றோம். ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஏமாற்றாத காக்காவின் மைக்ரோமீற்றரும் அந்தக் கணக்கில் சேரும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், வேலை முடிந்த புளொக்கைத் தூக்கிக்கொண்டு காசை அடுத்த மாதம் தருகிறேன் என்று போவது எப்படிச் சரியாகும்?

எமது ஊர் வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் வருடாந்தம் தொழில் உதவி என்று தையல் இயந்திரங்களும் முச்சக்கர வண்டிகளும் கொடுக்கின்றன. நல்ல காரியம். அதில் ஒரு பங்கை இரண்டு மூன்று இளைஞர்களின் பயிலுநர் காலச் செலவுக்கு ஒதுக்கலாம். அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மொறட்டுவையில் சிலோன் ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் முறை இருக்கிறது. அங்கே படித்த பிள்ளை ஒரு வருடம் இப்படியான ஒரு காக்காவின் பக்கத்தில் நின்றால், கையில் சான்றிதழும் இருக்கும், விரலில் அளவும் இருக்கும். வெளிநாடு போனாலும் கூலியாளாகப் போகாமல் தொழிலாளராகப் போவான்.

பட்டறைக்குப் போகுமுன்

எஞ்சின் வேலைக்குப் போகும் வர்த்தக நண்பர்களுக்குச் சில குறிப்புகள். இவை லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் பொருந்தும்.

1. பிரிக்கும்போதே ஒவ்வொரு மூடிக்கும் ரொட்டுக்கும் இலக்கமிடச் சொல்லுங்கள். பாகங்களைத் தனித்தனிப் பைகளில் போட்டு எழுதி வையுங்கள்.

2. கடையுமுன் அளவுகளை எழுதிக் கேளுங்கள். வேலை முடிந்த பின்னும் எழுதிக் கேளுங்கள். இரண்டு தாளையும் வாகனக் கோவையில் வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது உதவும்.

3. பிஸ்டனும் பெயாரிங்கும் கையில் வந்து, அளந்து பார்த்த பிறகே போரிங்குக்கும் கிராங் அரைப்பதற்கும் சம்மதியுங்கள்.

4. கூலி, கால எல்லை, பழுது வந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் புளொக் அவரிடம் அமானிதம், அவரது உழைப்பு உங்களிடம் அமானிதம்.

5. மொரிஸ் போன்ற வாகனங்களுக்கு அங்குலச் சாவிகளே பொருந்தும். மில்லிமீற்றர் சாவியைப் போட்டு நட்டின் தலையை உருட்டும் கராஜிடம் கொடுக்காதீர்கள்.

6. சரியில்லை, இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள் என்று பட்டறைக்காரர் சொன்னால் நம்புங்கள். அப்படிச் சொல்வதால் அவருக்குக் கிடைக்கவிருந்த கூலி போகிறது. தன் நட்டத்தில் உங்களுக்குப் புத்தி சொல்பவர் நேர்மையானவர்.

7. வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுங்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு காக்கா இருப்பார். லேத்தின் சத்தம் இன்னும் கேட்கிறதென்றால், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பத்து நிமிடம் நின்று பாருங்கள். வீட்டில் கணிதம் ஓடாது, கை ஓடும் என்று நீங்கள் கவலைப்படும் பிள்ளை ஒருவன் இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கப் பழகினால் அவனுக்குக் கணிதமும் வரும், ரிஸ்க்கும் வரும், இன்ஷா அல்லாஹ்.